குடிநீர்க் குழாயிலிருந்து சட்டமன்றம் வரை: மிருணாள் கோரேயின் பொதுவாழ்வு

உள்ளாட்சி அமைப்புகளில் மகளிரின் பங்கு பற்றி ஆராயும்போது, சட்டப் பிரிவுகளையும் இட ஒதுக்கீட்டு விகிதங்களையும் மட்டும் கருத்திற் கொள்வது வழக்கமாக உள்ளது. இடங்கள் கிடைத்தபின் அவற்றைக் கொண்டு எதைச் சாதிப்பது என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை காண, இன்றைய அளவிலான ஒதுக்கீடு இல்லாத காலத்தில் ஊராட்சியில் நுழைந்து, அறுபது ஆண்டுக் காலம் பொதுப்பணியில் நிலைத்த ஒருவரின் வாழ்க்கையை ஆராய்வது பயன் தரும். மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த மிருணாள் கோரே (1928–2012) அத்தகையவர்.

ஊராட்சியில் தொடக்கம்

விடுதலைப் போராட்டச் சூழலில் வளர்ந்த மிருணாள், ராஷ்டிர சேவா தளத்தின் பணிகளில் ஈடுபட்டு, மருத்துவக் கல்வியை இடையிலேயே கைவிட்டார். 1948-இல் சோஷலிஸ்ட் ஊழியரான கேசவ் கோரேயை மணந்தார். இருவரும் பம்பாய் நகருக்கு வடக்கே, அந்நாளில் தனி ஊராட்சியாக இருந்த கோரேகாவில் தங்கிப் பணியாற்றினர். 1950களின் முற்பகுதியில் மிருணாள் அவ்வூராட்சியின் உறுப்பினரானார். 1958-இல் கணவர் காலமானார். அப்போது அவருக்கு வயது முப்பது; வளர்க்க வேண்டிய சிறு மகளும் இருந்தாள். ஆயினும் அவர் பொதுவாழ்விலிருந்து விலகவில்லை.

1957-இல் பம்பாய் மாநகராட்சியின் எல்லை வடக்கே தஹிசர் வரையிலும் கிழக்கே முலுண்ட் வரையிலும் விரிவாக்கப்பட்டபோது, கோரேகாவ் நகரின் ஒரு பகுதியாயிற்று. ஆனால் எல்லை விரிந்த வேகத்தில் வசதிகள் விரியவில்லை. ஆலைகளையும் தொழிற்கூடங்களையும் நாடி வந்தோர் குடிசைப் பகுதிகளில் குடியேறினர். அவர்களுக்குக் குடிநீர் இணைப்பு இல்லை, கழிப்பிடம் இல்லை. 1961-இல் மாநகராட்சி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மிருணாள் கோரே இப்பிரச்சினையையே முதன்மையாக எடுத்துக் கொண்டார். மன்றத்தில் கேள்விகள் எழுப்பியதுடன், பெண்களைத் திரட்டி அலுவலகங்களின் முன் ஆர்ப்பாட்டங்களும் நடத்தினார். 'பானிவாலி பாய்', அதாவது தண்ணீர்க்கார அம்மாள், என்று மக்கள் அவரை அழைக்கலாயினர்.

பொருளாதார மாணவர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலை பெரும்பாலும் பெண்களையும் சிறுமியரையும் சார்ந்தது. இவ்வுழைப்புக்குக் கூலி இல்லை. தேசிய வருமானக் கணக்கிலும் இது உரியவாறு இடம் பெறுவதில்லை. குழாயடியில் கழியும் நேரம், கூலி வேலைக்கோ பள்ளிப் படிப்புக்கோ கிடைத்திருக்கக்கூடிய நேரமாகும். எனவே குடிநீர் இணைப்பு கேட்பது பெண்ணின் காலத்திற்கும் உழைப்புக்கும் மதிப்புக் கேட்பதாகும்.

விலைவாசிப் போராட்டம்

1972-இல் அவர் சட்டமன்ற உறுப்பினரானார். அதே ஆண்டில் மகாராஷ்டிரத்தைக் கடும் வறட்சி தாக்கியது. உணவு தானியம், சமையல் எண்ணெய், சர்க்கரை, மண்ணெண்ணெய் ஆகியவற்றுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அடுத்து வந்த உலக எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து, 1974–75-இல் நாட்டின் மொத்த விலை உயர்வு 20 விழுக்காட்டைக் கடந்தது. இந்நிலையில் மிருணாள் கோரே, அகல்யா ரங்னேகர், தாரா ரெட்டி முதலிய தலைவர்கள் விலைவாசி உயர்வு எதிர்ப்பு மகளிர் கூட்டுக் குழுவை அமைத்தனர். வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்த பெண்கள் ஒரே மேடையில் இணைந்தது இதன் சிறப்பு. பூரிக்கட்டையை உயர்த்திப் பிடித்தும், உணவுத் தட்டுகளைத் தட்டி ஒலியெழுப்பியும் ஆயிரக்கணக்கான இல்லத்தரசிகள் வீதிகளில் அணிவகுத்தனர்.

பொது விநியோக முறை ஏட்டில் இருப்பதும் கடையில் சரக்கு இருப்பதும் வேறு வேறு என்பதை இப்போராட்டம் நிர்வாகத்திற்கு உணர்த்தியது. பங்கீட்டுக் கடையின் நடைமுறையை நன்கு அறிந்தவர்கள் அதன் வரிசையில் நிற்பவர்களே. அவர்களுடைய அனுபவத்தைக் கோரிக்கையாக வகுத்து ஆட்சியாளர் முன் வைத்ததே இக்குழுவின் பணி.

1975-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது அவர் தலைமறைவாக இயங்கிப் பின்னர் கைதானார். 1977-இல் பம்பாய் வடக்குத் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சட்டமும் சமூகமும்

1980களில் அவர் மீண்டும் சட்டமன்றத்தில் இடம் பெற்றார். சில காலம் எதிர்க்கட்சித் தலைவராகவும் விளங்கினார். துன்பத்திற்குள்ளாகும் பெண்களுக்கு ஆலோசனையும் ஆதரவும் அளிக்க 'ஸ்வாதார்' என்னும் அமைப்பு கோரேகாவில் உருவாகக் காரணமானார். குறைந்த வருவாயினருக்கு வீடு கட்டித் தரும் நாகரி நிவாரா இயக்கத்திலும் அவருடைய பங்கு பெரிது.

கருவிலிருக்கும் குழந்தையின் பாலினத்தை அறியும் சோதனைகள் அக்காலத்தில் மும்பையில் பெருகின. பெண் கருவை அழிப்பதற்கே அவை பயன்படுவதை மகளிர் அமைப்புகள் எதிர்த்தன. மிருணாள் கோரே இப்பிரச்சினையைச் சட்டமன்றத்தில் எழுப்பினார். 1988-இல் மகாராஷ்டிரம் இச்சோதனைகளை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை நாட்டிலேயே முதன்முதலாக இயற்றியது. மத்திய சட்டம் 1994-இல் நிறைவேறி 1996-இல் நடைமுறைக்கு வந்தது.

எனினும் சட்டம் மட்டும் போதாது என்பதைப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இந்தியாவில் 1991-இல் 945 பெண் குழந்தைகள் இருந்தனர். 2001-இல் 927 ஆகவும், 2011-இல் 919 ஆகவும் இவ்வெண்ணிக்கை குறைந்தது. சட்டத்தைச் செயற்படுத்தும் அலுவலரும் விழிப்புள்ள மக்களும் சேர்ந்தாலன்றி அதன் நோக்கம் நிறைவேறாது.

இன்றைய படிப்பினை

1957-இல் பல்வந்தராய் மேத்தா குழு, மகளிர், குழந்தைகள் நலப் பணியில் நாட்டமுள்ள இரு பெண்களை நியமன முறையில் சேர்த்துக் கொள்ளுமாறு பரிந்துரைத்தது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களைத் தேர்தல் வழியே பெண்களுக்கு உறுதி செய்தன. மகாராஷ்டிரம் 2011-இல் இதனைப் பாதியாக உயர்த்தியது. நாட்டின் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களின் எண்ணிக்கை சுமார் 14 லட்சத்தை எட்டியுள்ளது.

ஆயினும் பல இடங்களில் கையொப்பம் மட்டும் பெண்ணுடையது. முடிவு கணவருடையதோ உறவினருடையதோ ஆகிறது. இக்குறையைக் களைய மிருணாள் கோரேயின் வாழ்க்கை மூன்று வழிகளைக் காட்டுகிறது. முதலாவதாக, மகளிர் நலம் என்று தனியே ஒதுக்கப்பட்ட சிறு பணிகளோடு பெண் உறுப்பினர் நின்றுவிடலாகாது. குடிநீர், துப்புரவு, பங்கீடு, வீட்டுவசதி, வரவு செலவுத் திட்டம் ஆகிய அனைத்தும் அவருடைய பொறுப்பே. இரண்டாவதாக, மன்றத்திற்கு வெளியே திரண்ட பெண்களின் துணை இருக்கும்போதுதான் மன்றத்திற்குள் உறுப்பினரின் குரலுக்கு வலிமை பிறக்கிறது. மூன்றாவதாக, அலுவலரின் கடமை பெரிது. கோப்புகளை உறுப்பினரிடமே நேரில் விளக்குவதும், கூட்டத்தில் அவரையே பேசச் செய்வதும் சிறிய செயல்களாகத் தோன்றலாம். அதிகாரம் உண்மையில் கைமாறுவது அவ்வாறுதான்.

சுழற்சி முறையில் ஒதுக்கப்பட்ட இடம் பின்னர் வேறு வார்டுக்குச் செல்லும். அதற்குள் அப்பெண் பெற்ற பயிற்சியும் தன்னம்பிக்கையும் அவரைப் பொதுத் தொகுதியிலும் நிற்கச் செய்யுமானால், ஒதுக்கீட்டின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்ளலாம்.