பழைய சுழல் கலப்பை வாங்கலாமா?

ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது அனந்தபூர் மாவட்டம். அங்கே மழை குறைவு. நிலக்கடலை முக்கியப் பயிர்.

அந்த மாவட்டத்தின் ஓர் ஊரில் ஒரு கணவனும் மனைவியும் விவசாயம் செய்கிறார்கள். அவர்களிடம் பழைய டிராக்டர் இருக்கிறது. ஆனால் சுழல் கலப்பை இல்லை. இதை ரோட்டவேட்டர் என்றும் சொல்வார்கள். பருவம்தோறும் வாடகை கொடுத்தே உழுதார்கள்.

கடலை விற்ற பணம் 50,000 ரூபாய் கையில் இருந்தது. பக்கத்து ஊரில் ஒரு பழைய சுழல் கலப்பை விலைக்கு வந்தது. அதன் விலையும் 50,000 ரூபாய். புதுப் பெயிண்ட் பளபளத்தது.

"புதுசு மாதிரி இருக்கு. முன்பணம் கொடுத்திடலாம்" என்றார் கணவர்.

"அவசரப்படாதீங்க. பட்டறை அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பார்க்கலாம்" என்றார் மனைவி. அவர் முதியோர் கல்வி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர்.

மூவரும் போனார்கள். கலப்பை டிராக்டரில் மாட்டியிருந்தது. பட்டறைக்காரர் முதலில் எஞ்சினை நிறுத்தினார். சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். தூக்கியிருந்த கலப்பைக்கு அடியில் கட்டைகளை முட்டுக் கொடுத்தார்.

"முட்டுக் கொடுக்காமல் இதன் அடியில் கை வைக்கக் கூடாது, அம்மா" என்றார்.

கலப்பையில் ஒரு சிறு தகடு இருந்தது. அதன் மேலும் பெயிண்ட் பூசியிருந்தார்கள். அதை மெல்லச் சுரண்டினார்கள். எழுத்து தெரிந்தது. மனைவி ஆண்டைப் படித்தார்.

"மூணு வருஷம்தான் ஆச்சுன்னு சொன்னீங்களே, அண்ணே. இதுல பார்த்தா ஏழு வருஷம் ஆச்சே!"

விற்பவர் பதில் பேசவில்லை.

பிறகு பட்டறைக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

கத்திகள்: அது 5 அடிக் கலப்பை. 36 கத்திகள் இருந்தன. ஒரு புதுக் கத்தியை அருகில் வைத்து ஒப்பிட்டார். 20 கத்திகள் மிகவும் தேய்ந்திருந்தன.

பேரிங்: கத்திகள் பூட்டிய தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். அது ஆடியது. பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

கியர் பெட்டி: ஆயிலைத் திறந்து பார்த்தார். ஆயில் பால் போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரும்புத் தூள் மின்னினால் பற்கள் தேய்கின்றன. இதில் அந்தக் குறைகள் இல்லை. ஆனால் ஆயில் பழையது.

சட்டம்: டிராக்டருடன் மாட்டும் மூன்று இடங்களையும் தடவிப் பார்த்தார். விரிசல் இல்லை. துளைகள் பெரிதாகவில்லை.

கூட்டுத் தண்டு: டிராக்டரின் விசையைக் கலப்பைக்குக் கொண்டு வருவது இதுதான். இதன் மேல் உறை முழுதாக இருந்தது. உறை இல்லாவிட்டால் புடவையோ வேட்டியோ சிக்கி உயிருக்கே ஆபத்து.

கடைசியில் கட்டைகளை எடுத்தார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கலப்பையை ஓட்டிப் பார்த்தார்.

மனைவி நோட்டில் கணக்கு எழுதினார்:

20 கத்திகள், ஒன்று 150 ரூபாய் வீதம்: 3,000
பேரிங், ஆயில் சீல், கூலி: 4,500
புது ஆயில்: 500
மொத்தப் பழுதுச் செலவு: 8,000 ரூபாய்

இதே அளவு, இதே வயது, நல்ல நிலை. அப்படிப்பட்ட கலப்பை என்ன விலைக்குப் போகிறது? முன்பே இரண்டு இடங்களில் கேட்டிருந்தார்கள். 44,000 ரூபாய் என்றார்கள். அதில் 8,000 போனால் 36,000.

நோட்டை விற்பவரிடம் காட்டினார் மனைவி. பேச்சு நீண்டது. கடைசியில் 37,000 ரூபாய்க்கு முடிந்தது. பழுதையும் சேர்த்தால் 45,000 ரூபாய். மீதி 5,000 விதைக்கு மிஞ்சியது. பெயிண்டைப் பார்த்து வாங்கியிருந்தால் 8,000 ரூபாய் கடன் வந்திருக்கும்.

பணம் கொடுக்கும்போது ரசீதும் எழுதி வாங்கினார்கள். தேதி, தகட்டில் உள்ள எண், கொடுத்த தொகை, இருவர் கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன.

இந்த விலைகள் அந்தக் குடும்பத்தின் கணக்கு. உங்கள் ஊரில் விலை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

எப்போது வாங்கவே கூடாது?

கத்தி, பேரிங், ஆயில் ஆகியவற்றை மாற்றலாம். அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஆனால் கியர் பெட்டியில் விரிசல் இருந்தாலோ, கத்தித் தண்டு வளைந்திருந்தாலோ வேண்டாம். தகட்டைப் பிடுங்கி எடுத்திருந்தாலும் வேண்டாம். அது திருட்டுப் பொருளாக இருக்கலாம்.

பண்ணைக் கருவிகளைப் பற்றிப் பயிற்சி தர மத்திய அரசின் நிலையங்கள் உள்ளன. அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயில் ஒன்று உள்ளது. மத்தியப் பிரதேசத்தில் புத்னி, ஹரியானாவில் ஹிசார், அசாமில் விஸ்வநாத் சாரியாலி ஆகிய ஊர்களிலும் உள்ளன.

பேசுவோம், எழுதுவோம்

1. தகட்டைப் படிக்காமல் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?
2. ஒரு பழைய கலப்பையில் 12 கத்திகள் தேய்ந்துள்ளன. ஒரு கத்தி 150 ரூபாய். விலையில் எவ்வளவு குறைத்துக் கேட்பீர்கள்?
3. பழைய கருவி வாங்கும்போது எழுதும் ரசீது ஒன்றை உங்கள் நோட்டில் எழுதுங்கள்.