கீழ் நம்பர்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் தன்னார்வலராகச் சேர்ந்து, ஓமந்தூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்ப்பது என் வேலை. "மேல எவ்ளோம்மா?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். கீழ் நம்பரைப் பற்றிக் கேட்டவர் ஒரு தாத்தா. மல்லாட்டைக் கொல்லையில் பம்புசெட் வைத்திருப்பவர்.

"மோட்டார நிறுத்தினா தண்ணி வேகம் போயிடுது. நெஞ்சு ஒரு அடிக்கும் மறு அடிக்கும் நடுவுல ஓய்வெடுக்குதுன்ற. அப்ப சைபருக்கு வரணுமில்ல? எண்பது எப்டி நிக்குது?"

பதிலில் பாதி அவர் கிணற்றிலேயே இருந்தது: தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் புட்வால்வு. இதயத்தின் இடது கீழறை சுருங்கி ரத்தத்தை மகாதமனிக்குள் தள்ளியதும் வாயிலில் உள்ள வால்வு மூடிக்கொள்ளும். ரத்தம் திரும்பி வராது. மீதிப் பாதி கிணற்றில் இல்லை. பிவிசி குழாய் விரியாது, மகாதமனி விரியும். வந்த ரத்தத்தில் ஒரு பங்கை விரிந்து பிடித்துக்கொண்டு, இதயம் ஓய்ந்திருக்கும்போது சுருங்கி முன்னே தள்ளும். அழுத்தம் 120-லிருந்து இறங்கி 80-க்கு வருவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடுகிறது. இதயத் தசைக்கு வேண்டிய ரத்தமும் பெரும்பாலும் இந்த ஓய்வில்தான் கிடைக்கிறது.

வயதாக ஆக அந்தச் சுவர் விறைத்துப்போகும். மேல் நம்பர் ஏறும், கீழ் நம்பர் இறங்கும். 170/70 காட்டும் ஆயாவைப் பார்த்து "கீழ நல்லாத்தான இருக்கு" என்று மருமகள் சொன்னால் நம்பாதீர்கள். இடைவெளி அகல்வதே ரத்தக்குழாய் இறுகியதற்கு அடையாளம்.

அளக்கும்போது அவசரம் கூடாது. களையெடுத்துவிட்டு வந்தவரை ஐந்து நிமிடமாவது சாய்ந்து உட்காரவையுங்கள். காப்பி குடித்து அரைமணி ஆகியிருக்கட்டும். பட்டையை ரவிக்கைக் கைக்கு மேலே சுற்றாதீர்கள். கை நெஞ்சு மட்டத்துக்கு வர வேண்டும். ஒரு சாண் கீழே தொங்கினால் 15-க்கும் மேல் கூட்டிக் காட்டும். பேசிக்கொண்டே இருந்தாலும் கூடும், எங்கள் தெருவில் இதுதான் பெரும்பாடு.

"130 வந்துடுச்சு, இனிமே மாத்திரை எதுக்கு?" என்பார்கள். மாத்திரை போட்டதால் வந்த 130 அது. டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். மரக்காணம் உப்பளம் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் இங்கே சோறு இறங்குவதில்லை. ஒரேயடியாக விடச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரே வேளையில் இரண்டும் வேண்டாம் என்றால் கேட்கிறார்கள்.

எங்கள் ஊர்க்காரர் ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணப் பிரதமராக இருந்தார். சென்னையில் அவர் பெயர் தாங்கிய ஓமந்தூரார் வளாகத்தில், சட்டமன்றத்துக்கென்று கட்டிய கட்டடம் 2014 முதல் பன்னோக்கு மருத்துவமனை. இதயத்துக்கு அங்கே நல்ல வைத்தியம் உண்டு. ஆனால் பிரஷரைக் கவனிக்காமல் விட்டு மாரடைப்பு வந்தவரைச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓட நேரமிருக்காது. இதயம் காப்போம் திட்டத்தில், 2023 முதல், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்த்து 14 மாத்திரை முதலில் கொடுக்கிறார்கள். ஜிப்மர், முண்டியம்பாக்கம் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை ரத்தக்கட்டி பெருக்காமலிருக்க அது உதவும். வாங்கிவைத்து வீட்டில் நீங்களாகப் போடுவதற்கல்ல. நெஞ்சு அழுத்தி, வேர்த்து, இடது கையோ தாடையோ வலித்தால் வாயுவென்று ஓமத்தண்ணீர் காய்ச்சாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.