ஈரக்கைக்கு ஒரு லப்டொப்

அன்பின் பிள்ளைக்கு,

உமது மின்னஞ்சல் கிடைத்தது. மயிலிட்டித் துறையில் மீன் வாங்கி ஏற்றுமதி செய்யும் இடத்தில் உமக்கு வேலை கிடைத்ததே சந்தோசம். சேர்ந்து மூன்றாம் கிழமையே நான்கு லப்டொப் தெரிவுசெய்யும் பொறுப்பை முதலாளி உம்மிடம் தந்தாராம், அது இன்னும் சந்தோசம். பாரம் குறைந்ததாக, திரையைப் பின்னால் மடக்கினால் டப்லட்டாக மாறுவதாக, பேனையால் எழுதக்கூடியதாக மூன்று மொடல்களைப் பொறுக்கி, விபரம் எல்லாவற்றையும் ஒரே எக்செல் தாளில் அடுக்கி, "எது நல்லது சேர்?" என்று கேட்டிருக்கிறீர்.

தாள் வடிவாக இருக்கிறது. புரொசசர், ராம், திரையின் அளவு, விலை என்று முப்பதுக்கு மேற்பட்ட வரிசைகள். ஆனால் விடிய ஐந்தரைக்கு வள்ளம் கரைக்கு வரும்போது உங்கள் ஆட்களின் கையில் என்ன இருக்கும் என்பதற்கு அதில் ஒரு வரிசையும் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளும்.

என்னுடைய அப்பா எண்பதுகளில் அதே கரையில் ஒரு சம்மாட்டியிடம் கணக்குப் பார்த்தவர். இடது முன்கையில் மடித்த சீஆர் கொப்பி, காதில் பென்சில். பேனை வைத்திருக்கமாட்டார். நனைந்த தாளில் பேனை எழுதாது, எழுதினாலும் மை ஊறிவிடும். பென்சில் தூறலிலும் எழுதும். கொப்பி தண்ணீருக்குள் விழுந்தால் வெயிலில் விரித்துக் காயவைப்பார், எழுத்து அப்படியே இருக்கும். மீன் பிடித்த கையைச் சாரத்தில் ஒருக்கால் துடைத்துவிட்டு எழுதுவார். 1990 ஜூனில் சண்டையால் நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அந்தக் கொப்பிகள் சுவர் மாடத்திலேயே கிடந்தன. 27 வருடம் கழித்து, 2017 ஜூலை 3ஆம் திகதி துறைமுகப் பக்கம் இராணுவத்திடமிருந்து விடுபட்ட பிறகு போய்ப் பார்த்தோம். மாடம் இருந்த சுவரே இல்லை, கொப்பியைத் தேடுவது எங்கே!

நீர் வாங்கப்போகும் சாமான் போட்டி போடுவது மற்ற லப்டொப்போடு இல்லை, அந்தக் கொப்பியோடு. கொப்பிக்குச் சார்ஜர் தேவையில்லை, வெயிலில் திரை மங்காது, விழுந்தால் உடையாது. கொப்பியால் முடியாதவையும் உண்டு: அதே நிறைக் கணக்கை அந்த நிமிடமே கொழும்பிலுள்ள கந்தோருக்கு அனுப்ப முடியாது, எந்த மீன் எந்தக் கலத்தில் வந்தது என்பதை ஏற்றுமதிப் பத்திரத்தோடு இணைக்க முடியாது. பதிவும் கண்காணிப்பும் போதாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை போட்டு, 2016 ஜூனில்தான் எடுத்தது. அந்த நாளையில் இருந்து கரையில் எழுதும் எழுத்துக்குக் காசு மதிப்பு வந்துவிட்டது. ஆகவே மெசின் வேண்டும். என்ன மெசின், யாருக்கு என்பதுதான் கேள்வி.

என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். 2011இல் யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோருக்கு, வெளிவேலை பார்க்கும் ஆட்களுக்கென்று, திரை சுழலும் ஆறு லப்டொப்பை நான்தான் சிபாரிசு செய்தேன். வந்த முதல் கிழமை எல்லோரும் திரையைச் சுழற்றிச் சுழற்றி விளையாடினார்கள். இரண்டு மாதம் கழித்துப் போனேன். ஆறிலும் சுழலும் கழுத்தில் தூசி படிந்திருந்தது. ஒரு பிள்ளை பேனை செருகும் ஓட்டைக்குள் வாய்ப்பாட்டுத் தாளைச் சுருட்டி வைத்திருந்தாள்! மெசினில் குற்றம் இல்லை. அவர்கள் நிரப்பவேண்டிய படிவம் விசைப்பலகைக்கென்று செய்தது, சுண்டுவிரல் அகலப் பெட்டிக்குள் பேனையால் யார் எழுதுவது? நான் படிவத்தைப் பார்க்காமல் மெசினைப் பார்த்தேன். திரையை மடக்குவதற்கென்று கொடுத்த மேலதிகக் காசு அவ்வளவும் வீண்.

அதனால் முதல் மூன்று நாள் மெசின் எதுவும் இல்லாமல் துறைக்குப் போம். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். உங்கள் ஆள் எத்தனை நிமிடம் நின்று எழுதுகிறார், எத்தனை நிமிடம் இருந்து எழுதுகிறார், எந்த நேரம் இரண்டு கையும் வெறுமையாக இருக்கிறது என்று கோடு போட்டு எண்ணும். போன மாதம் ஒரு விடியல் நானும் வந்து கரையில் நின்று பார்த்தேன். மீன் வாங்கும் ஆள் ஒரு கையால் மீனின் பூவை, அதுதான் செவுளை, விரித்துச் சிவப்புப் பார்க்கிறார், மற்றக் கையில் போன். மூன்றாவது கை அவருக்கு இல்லை. ஆனால் தராசுக்குப் பக்கத்தில் நிற்கும் பெடியன் முழுநேரமும் எழுதிக்கொண்டே இருக்கிறான். அவனைப் பாரும். அவன் சொல்வதைக் கேளும். நிறுவனத்தில் அவனிடம் இதுவரை ஒருவரும் அபிப்பிராயம் கேட்டிருக்கமாட்டார்கள்.

இப்போது மெசினுக்கு வருவோம். மைக்ரோசொஃப்ற் 2002 நவம்பரில் டப்லட் பீசி என்று தொடங்கியபோது வந்தவற்றில் பலவற்றிலும், 2005இல் வந்த திங்க்பாட் எக்ஸ்41 டப்லட்டிலும் திரை ஒற்றைக் கழுத்தில் சுழன்று விசைப்பலகையை மூடிக்கொண்டு படுக்கும். கழுத்து பலவீனம், பாரமும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவும் அதற்கு மேலும். ஆனால் விசைகள் உள்ளே பத்திரம். 2012இல் லெனோவோ யோகா வந்த பிறகு எல்லோரும் பிடித்துக்கொண்டது முழுவட்டமாகப் பின்னால் மடியும் பிணைச்சல். உமது மூன்று மொடலும் அந்த வகைதான். அதை டப்லட்டாக்கினால் விசைப்பலகை எங்கே போகிறது? அடிப்பக்கம், வெளியே பார்த்தபடி. மீன் கழுவிய சீமெந்து மேடையில் அதை வைத்தால் ஐஸ் தண்ணீரும் செதிலும் நேரே விசைகளுக்குள். கடைக்காரர் கண்ணாடி மேசையில் வைத்துக் காட்டும்போது இது ஒருவருக்கும் தெரியாது. முழங்கையில் ஏந்திப் பிடித்தாலும் விரல்கள் விசைகளை அமத்திக்கொண்டே இருக்கும். அந்த நேரம் அவை வேலை செய்யா என்பது சரி, ஆனால் உப்பு விரல் பதியும்.

தொடுதிரையை ஈரக்கையால் சோதித்தீரா? கடையில் குளிர்ந்த காய்ந்த விரலால் தொட்டிருப்பீர். ஒரு கிளாஸ் தண்ணீரில் கொஞ்சம் கறியுப்புக் கரைத்து, விரலை நனைத்து, '47.5' என்று எழுதிப் பாரும். தண்ணீர்த் துளியையே விரல் என்று நினைத்துத் திரை தன்பாட்டுக்கு ஓடும். பேனையிலும் இரண்டு சாதி உண்டு. பேனைக்குள் பற்றரி போட்டு, விரலை உணரும் அதே கண்ணாடியால் உணர்வது ஒன்று. திரைக்குப் பின்னால் தனித்தகடு வைத்து, பற்றரி இல்லாத பேனையைக் காந்தப்புலத்தால் உணர்வது மற்றது. ஈரத்தில் இரண்டாவதுதான் நின்றுபிடிக்கும். உமது தாளில் 'பேனை: உண்டு' என்று மட்டும் இருக்கிறது. எந்தப் பேனை என்று கேட்டு எழுதும்.

வெயிலைப் பற்றி நீர் யோசித்திருப்பீர் என்று நம்புகிறேன். மினுங்கும் கண்ணாடித் திரை 300 நிட் வெளிச்சம் என்றால் கந்தோருக்குப் போதும். ஏழரை மணிக்குப் பிறகு இறங்குதுறையில் அதில் உமது முகம்தான் தெரியும். 500க்குக் குறைந்ததைக் கரைக்கு எடுக்கவேண்டாம். வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினால் பற்றரி குடிக்கும். 50 வாட்-மணிப் பற்றரி, கந்தோரில் 6 வாட் இழுத்தால் எட்டு மணித்தியாலம் தாண்டும், கரையில் 11 வாட் இழுத்தால் நாலரைதான். விளம்பரத்தில் போட்டிருக்கும் மணித்தியாலத்தை அடித்துவிட்டு இந்தக் கணக்கை எழுதும்.

'பாரம் குறைந்தது' என்கிறீரே, எதைவிட? 14 அங்குல மடக்கு லப்டொப் ஏறக்குறைய 1.4 கிலோ. பையில் கிடக்கும்போது அது பாரமே இல்லை. இடது முன்கையில் இருபது நிமிடம் ஏந்திப் பார்த்தால் தெரியும். விசைப்பலகை கழன்று வரும் சேர்ஃபஸ் புரோ 7 போன்றது திரையோடு மட்டும் 775 கிராம். அதுகூடக் கொப்பியோடு ஒப்பிட்டால் பாரம்தான். வீட்டில் ஒன்றரைக் கிலோ அரிசிப் பையை முன்கையில் வைத்துக்கொண்டு இரவுச் செய்தி முழுவதும் நின்று பாரும். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

இனி உப்பு. மயிலிட்டித் துறையில் பிடிபட்ட இந்திய ரோலர் படகுகள் கட்டிக் கிடக்கின்றன அல்லவா? அவற்றின் ஆணியையும் பிணைச்சலையும் கிட்டப் போய்ப் பாரும். கடலுக்கென்றே செய்த இரும்பு கவனிப்பில்லாமல் கிடந்தால் எப்படிப் போகிறது என்று தெரியும். வாடைக்காற்றுக் காலத்தில் தூவானம் தெருவரைக்கும் வரும். விசிறி உள்ள மெசின் அந்தக் காற்றைத்தான் உறிஞ்சி உள்ளே சுற்றுப்பலகைமேல் ஊதும். ஆகவே கரைக்கு விசிறி இல்லாதது. சார்ஜர் துளைக்கு ரப்பர் மூடி இல்லாவிட்டால் முதலில் போவது அதுதான், பச்சை பிடித்துவிடும். 'இராணுவத் தரம், மில்-எஸ்ரிடி-810' என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்திருந்தால் மயங்கவேண்டாம். அந்தத் தரத்துக்குள் இருபதுக்கு மேற்பட்ட சோதனைகள் உண்டு, எதைச் செய்வது என்று தயாரிப்பாளரே தெரிவுசெய்யலாம். உப்புப் புகைச் சோதனையின் இலக்கம் 509. 'அது செய்தீர்களா?' என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேளும். பதில் வர எத்தனை நாள் எடுக்கிறது என்பதும் ஒரு பதில்தான்.

மூன்றாவது மொடல் மலிவாக இருக்கிறது, ஏனென்றால் அது பாவித்துத் திருத்தியது. பாவித்ததை வாங்குவதில் வெட்கம் இல்லை, நானே அதில்தான் இதைத் தட்டுகிறேன். ஆனால் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு உதவி 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்ரெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், ரிபிஎம் 2.0வும் வேண்டும். சில கடைகளில் பழைய மெசினுக்கும் எப்படியோ 11ஐ ஏற்றித் தருவார்கள். கடையில் ஓடும். பேந்து ஒருநாள் அப்டேட் நிற்கும், அப்போது நீர்தான் பதில் சொல்லவேண்டும்.

தமிழில் பதிவது பற்றி ஒரு சொல். திரையில் வரும் விசைப்பலகை பாதித் திரையை மறைக்கும். அறுக்குளா, விளை, பாரை, சூரை என்று ஒவ்வொன்றாகத் தட்டவைக்காமல் பெரிய பொத்தான்களாகப் போட்டுக் கொடும். பெடியனுக்கு நிறையை மட்டும் எழுதும் வேலை இருக்கட்டும். பழைய கணக்கெல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கும், புது மெசினில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றும். இது மெசின் வாங்குவதைவிட அவசரம் என்பது என் எண்ணம்.

என்னைக் கேட்டால், கரைக்கு உமது மூன்றில் ஒன்றும் வேண்டாம். தராசடிக்குத் தண்ணீர் புகாத உறையும் கழுத்துப் பட்டியும் உள்ள சின்ன டப்லட் இரண்டு, கந்தோருக்குச் சாதாரண லப்டொப் ஒன்று. வங்கிக்கும் திணைக்களத்துக்கும் ஓடித்திரிந்து, கூட்டத்தில் குறிப்பெடுத்து, ஆட்களிடம் கையெழுத்து வாங்கும் முகாமையாளருக்கு மட்டும் மடக்கு லப்டொப் ஒன்று. அதிலும் பற்றரியை ஒட்டிவைத்திருக்கிறார்களா, ஸ்குரூவில் பூட்டியிருக்கிறார்களா என்று பார்த்து வாங்கும். ஒட்டியது பழுதானால் கொழும்புக்குப் போய்வரவேண்டும், ஒரு வழி மட்டும் ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர்.

முதலாளி நான்கும் லப்டொப் என்று சொல்லிவிட்டாரே என்று தயங்குவீர். துறையில் 2019 ஓகஸ்ட்டில் முதல் கட்டம் திறந்து, 2025 செப்டம்பரில் மூன்றாம் கட்டத்தையும் தொடங்கிவிட்டார்கள். இனிப் பெரிய கலங்கள் வரும், அவர் இன்னும் பத்து வாங்குவார். அப்போது உமது முதல் அறிக்கையைத்தான் திறந்து பார்ப்பார். மூன்று நாள் போட்ட கோடுகளை அப்படியே அதில் இணையும், கொப்பித் தாளைப் படம் பிடித்தாவது.

கடைக்காரரிடம் ஒன்றை ஒரு கிழமைக்கு இரவல் கேளும். முற்பணம் வைத்தால் தருவார்கள். கிடைத்தால் வருகிற வெள்ளி விடிய ஐந்தேகாலுக்கு இறங்குதுறைக்குக் கொண்டுவாரும், நானும் வருகிறேன். துடைக்க ஒரு பழைய சாரத் துண்டும் எடுத்துவாரும். அந்தப் பெடியனுக்குச் சொல்லிவையும், முதலில் அவன் கையில்தான் கொடுக்கப்போகிறோம். கை கழுவாமல் வரட்டும்.

அன்புடன்,
உமது பழைய கணினி ஆசிரியர்