பெயரின் கதை: வில்லியர்ஸ்



பெரகலச் சந்தியிலிருந்து அப்புத்தளைப் பக்கம் ஏறிப் போனால் அடிஷாம் பங்களா இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். பிள்ளைகள் சுற்றுலா போய் ஜாம் போத்தல் வாங்கி வரும் அதே கருங்கல் வீடுதான். இப்போது அது புனித பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். கட்டியவர் சேர் தோமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ். 1887இல் தோட்டத்தில் வேலை பழக வந்தவர், பின்னர் கொழும்பில் ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவரானார். 1931இல் கட்டிய இந்த வீட்டுக்கு, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தாம் பிறந்த ஊரின் பெயரையே வைத்தார்.

சரி, வில்லியர்ஸ் என்றால் என்ன? இங்கிலாந்திலேயே அபூர்வமான குடும்பப் பெயர் இது. மூலம் பிரெஞ்சு. பிரான்சில் இதே பெயரில் பல ஊர்கள் உண்டு. 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு இப்படியான ஊர்ப்பெயர்கள் பல அங்கே குடும்பப் பெயர்களாயின. 1623இல் ஜோர்ஜ் வில்லியர்ஸ் என்பவர் பக்கிங்ஹாம் கோமகனாகவே ஆனார்.

அந்த ஊர்ப்பெயருக்கு வேர் லத்தீன் மொழியின் 'வில்லா'. பண்ணை வீடும் அதைச் சேர்ந்த நிலமும் என்று பொருள். நம்ம பேச்சில் சொன்னால், தோட்டம்.

அந்த நிலத்தில் பாடுபட்டவனுக்கும் அதே வேரிலிருந்து ஒரு பெயர் வந்தது. இங்கிலாந்தில் அவனை 'வில்லெயின்' என்றார்கள். பிரபுவின் அனுமதியில்லாமல் அவன் ஊரைவிட்டுப் போக முடியாது. வாரத்தில் சில நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்கவும் வேண்டும். மேல்தட்டுக்காரர் அந்தச் சொல்லை இளக்காரமாகப் பேசிப் பேசி, கடைசியில் அதற்குக் 'கெட்டவன்' என்றே அர்த்தமாகிவிட்டது. சினிமாவில் நாம் சொல்லும் 'வில்லன்' அதுதான்!

பாருங்கள், வேர் ஒன்றுதான். நிலத்தை ஆண்டவனுக்கு அது கௌரவப் பெயர். உழைத்தவனுக்கு வசைப் பெயர்.

நமக்கு இது புதுசா? துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் பெயர் பதிய முடியாத காலம் நம் முன்னோருக்கும் இருந்தது. 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் 'தோட்டக்காட்டான்' என்ற ஏச்சு அதோடு போகவில்லை.

அந்தச் சொல்லைக் கேட்டு உங்கள் பிள்ளை முகம் வாடி வந்தால், இந்தக் கதையைச் சொல்லுங்கள். தோட்டம் என்ற சொல்லில் இழிவு கிடையாது. இழிவு, அதை ஏச்சாக்கினவங்க வாயில்தான் இருக்கு.

யோசித்துப் பாருங்கள்: உங்கள் தோட்டத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.