பூத்துப்போன கல்

"கல்லு வெள்ளையாப் பூத்துடுத்துடா. கீழ போட்டிருந்த பட்டுத் துணியிலயும் ஓட்டை விழுந்திருக்கு."

கும்பகோணத்திலிருந்து அம்மா தொலைபேசியில் இதைச் சொன்னபோது ஐப்பசி மாதம். அங்கே அடைமழை.

அதற்கு முந்தைய கோடையில் அம்மா சவுத்தாம்ப்டனில் எங்களோடு தங்கியிருந்தாள். நான் சேர்த்துவைத்திருந்த அம்மோனைட்டுகளை ஒரு தட்டில் பரப்பிக் காட்டினேன். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, நம்மாத்துச் சாளக்கிராமத்துல இருக்கற சக்கரம் மாதிரின்னா இருக்கு" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமத்தில் நாம் சக்கரமாகக் கும்பிடுவதும் அம்மோனைட்டின் சுருள்தான். அந்தச் சொல்லில் மனம் நெகிழ்ந்து, என்னிடம் இருந்ததிலேயே நல்லதை அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினேன். ஒரு ரூபாய் நாணயம் அளவு. தேய்த்து வைத்த பித்தளைக் குத்துவிளக்கின் நிறம். "தண்ணி மட்டும் பட வேண்டாம்மா" என்று சொல்லியிருந்தேன். அம்மாவும் அதற்குத் திருமஞ்சனம் எதுவும் செய்யவில்லை. பூஜை அலமாரியில் பட்டுத் துணி விரித்து வைத்திருந்தாள், அவ்வளவுதான். கும்பகோணத்து மழைக்காலக் காற்றே அதற்குப் போதுமாக இருந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் மாவட்டத்துச் சார்மவுத் கடற்கரையில் இவற்றைப் பொறுக்கிவருகிறேன். அம்மாவின் கல்லைப் போல இன்னும் பதினான்கை இழந்திருக்கிறேன். கண்டெடுப்பது எப்படி என்று சொல்லித்தர ஆள் நிறைய உண்டு. காப்பாற்றுவது எப்படி என்று யாரும் தொடக்கத்தில் சொல்வதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கல் ஏன் பூக்கிறது என்று புரிய, அது எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அம்மோனைட் என்பது கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவான, சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் உயிரினம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த இனமே அழிந்துவிட்டது. சார்மவுத்தில் கிடைப்பவை அதற்கும் வெகு முந்தியவை, சுமார் 19 கோடி ஆண்டுப் பழமை. செத்த உயிரி கடலடியில் ஆக்சிஜன் இல்லாத கருஞ்சேற்றில் புதைந்தது. அங்கே ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிட்டன. அது சேற்றிலிருந்த இரும்போடு சேர்ந்து பைரைட்டாகி, ஓட்டின் அறைகளுக்குள் நிறைந்தது. ஓடு கரைந்துபோக, அச்சில் வார்த்த விக்கிரகம் மாதிரி உள்ளே இருந்த பைரைட்டு நின்றுவிட்டது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறைச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடமெல்லாம் கொத்தமல்லி இலையின் ஓரம் போல வளைந்து வளைந்து ஓடும் கோடுகள் தெரியும். இனத்துக்கு இனம் அந்தக் கோலம் மாறும். முதன்முதலாக அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பிறந்த பொருள் இது. ஆக்சிஜனும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் அதனால் தாங்க முடியாது. மெல்ல மெல்ல இரும்பு சல்பேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறும். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மேலே பூப்பது அந்த சல்பேட்டு. அது பைரைட்டைவிட அதிக இடம் பிடிப்பதால் கல் உள்ளிருந்தே விரிந்து வெடிக்கிறது. அம்மாவின் பட்டில் ஓட்டை போட்டது அமிலம். ஒரு காலத்தில் இதைப் பாக்டீரியா நோய் என்று நம்பி, அருங்காட்சியகங்களிலேயே கிருமிநாசினி தடவிப் பார்த்திருக்கிறார்கள். இது நோய் அல்ல, தொற்றுவதும் இல்லை. ஆனால் ஒரே டப்பாவில் கிடந்தால் ஒன்றின் அமிலம் பக்கத்தில் இருப்பதையும் அரிக்கும். சுண்ணாம்புப் படிகமாகிப்போன அம்மோனைட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இனி கடற்கரைக்கு வருகிறேன். சார் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நின்றால் மேற்கே பிளாக் வென், கிழக்கே ஸ்டோன்பாரோ. இரண்டும் கறுத்த களிமண் குன்றுகள். மழையில் குன்று சரிகிறது, அலை அந்த மண்ணைக் கரைக்கிறது, கனமானவை கரையில் தங்குகின்றன. ஆகவே தேட வேண்டியது குன்றில் அல்ல, கூழாங்கற்களுக்கு நடுவே. முதல் ஓராண்டு நான் குன்றடியில் நின்று களிமண்ணைக் கிளறி நாளை வீணாக்கினேன். பிறகுதான் ஒரு பெரியவர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நாலைந்து துருப்பிடித்த ஆணிகள், அவற்றோடு மூன்று அம்மோனைட்டுகள். பைரைட்டு தண்ணீரைப்போல் ஐந்து மடங்கு கனம். இரும்புத் துண்டுகளை அலை எங்கே ஒதுக்குகிறதோ அங்கேதான் இதையும் ஒதுக்கும். 2008 மே மாதம் லைம் ரீஜிஸுக்கும் சார்மவுத்துக்கும் நடுவில் 400 மீட்டர் நீளத்துக்கு நிலம் சரிந்தபோது பழைய குப்பைமேடு ஒன்றும் கடலுக்குள் வந்துவிட்டது. அதனால் கரையில் இரும்புக்குப் பஞ்சமில்லை. பெரிய பாறைகளின் பின்புறம், சிறு பள்ளங்கள், கருமணல் கோடு போட்ட இடம் இவற்றைப் பாருங்கள். ஆணியைக் கண்டால் அங்கேயே மண்டியிட்டு உட்காருங்கள். நடந்துகொண்டே தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் எதுவும் அகப்படுவதில்லை. பல கற்கள் சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். ஈரத்தில் பளபளப்பதும் இல்லை, மங்கலான வெண்கல நிறம்தான். நிறத்தைத் தேடாமல் சுருளைத் தேடினால் கண் பழகிவிடும்.

குளிர்காலப் புயலுக்கு அடுத்த நாட்கள் நல்லவை. நீர் வடியத் தொடங்கும்போது இறங்கி, திரும்பி ஏறுமுன் கரை சேர்ந்துவிட வேண்டும். ஓத அட்டவணை பார்க்காமல் போகவே கூடாது. ஏற்றத்தில் அலை குன்றடி வரை வந்து வழியை அடைத்துவிடும். சரிந்த சேறு மேலே காய்ந்த தரை போலத் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை வாங்கும். அந்தக் களிமண் குன்று யாருக்கும் இரங்காது. இதே கடற்கரையில் தொல்லுயிர் எச்சங்களைத் தேடி எடுத்து விற்றுப் பிழைத்த மேரி அன்னிங், 1823-இல் பிளீசியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வன விலங்கின் முழு எலும்புக்கூட்டை உலகுக்குக் காட்டியவர், 1833-இல் ஒரு மண்சரிவில் மயிரிழையில் தப்பினார். கூடவே வந்த அவருடைய நாய் டிரே அதில் செத்துப்போனது. குன்றின் ஓரம் ஒதுங்கிச் சாப்பிடுகிற குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் போய்ச் சொல்லிவிடுவேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சுத்தியல் தேவையில்லை. கரையில் உதிரியாகக் கிடப்பதைப் பொறுக்க அங்கே அனுமதி உண்டு. குன்றைத் தோண்டுவது வேறு விஷயம். அதற்கு நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். இவ்வளவு பேர் பொறுக்கினால் தீர்ந்துவிடாதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் யாரும் எடுக்காத கல்லை அலை உருட்டி உருட்டி அரைத்துவிடும். பொறுக்குவதில் தவறில்லை என்பது என் முடிவு. விசித்திரமாக எதுவும் அகப்பட்டால் மட்டும் சார்மவுத் பாரம்பரியக் கடற்கரை மையத்தில் காட்டிப் பதிவு செய்துவிடுங்கள். அங்கே கடற்கரைக்கு அழைத்துப் போய்ச் சொல்லித்தருகிற நடைகளும் நடக்கின்றன. முதல் முறை போகிறவர்கள் அதில் சேருவது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை உப்பை எடுப்பது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவிட்டு, இடையில் மூன்று நான்கு முறை தண்ணீரை மாற்றுகிறேன். மெல்லிய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஒருமுறை முக்கி எடுத்தால் உள்ளே இருக்கும் ஈரம் சீக்கிரம் போகும். பிறகு இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பான, காற்றோட்டமான இடம். இதற்கப்புறம் அந்தக் கல்லுக்கும் தண்ணீருக்கும் உறவு இல்லை. நான் ஆரம்பத்தில் என் முதல் சேகரிப்பைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுக் குளியலறை ஜன்னலில் அழகுக்கு வைத்திருந்தேன். பதினான்கும் அப்படித்தான் போயின. கந்தக நெடி அடித்தபோது சாக்கடை என்று நினைத்தேன்.

பலர் வார்னிஷ் பூசிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது தவறு. பாரலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு கொடுப்பது கல்லை உறுதிப்படுத்தும். (ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.) ஆனால் எந்தப் பூச்சும் காற்றின் ஈரத்தை முழுக்கத் தடுத்துவிடாது. தடுப்பது ஈரமில்லாத டப்பா ஒன்றுதான். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் போனால் சிதைவு வேகமெடுக்கும். 50-க்குக் கீழே வைத்தால் வெகுவாகக் குறையும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி. மொத்தச் செலவு ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்கு மேல் வராது. ஓக் மரப்பெட்டி பார்க்க அழகாக இருக்கும். அந்த மரமே அமில ஆவி விடுவதால் அது வேண்டாம். பூத்துவிட்ட கல்லை உடனே தனியே எடுத்து, பொடியை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். கழுவக் கூடாது. அமிலத்தை நீக்க அருங்காட்சியகங்கள் எத்தனாலமைன் தயோகிளைகோலேட் பயன்படுத்துகின்றன. அது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை, சமையலறையில் முயலாதீர்கள்.

எந்த இடம், எந்தத் தேதி என்று சீட்டு எழுதி வையுங்கள். அது இல்லாத கல் வெறும் அலங்காரப் பொருள். அமிலம் சீட்டையும் தின்னும் என்பதால் டப்பாவில் ஓர் எண்ணும், வேறொரு நோட்டில் முழு விவரமும் படமும் இருக்கட்டும். போய்விட்ட அந்தப் பதினைந்தில் எட்டுக்கு இன்று என்னிடம் ஒரு குறிப்புகூட இல்லை. அவை எந்த இனம், பிளாக் வென்னில் எடுத்தேனா ஸ்டோன்பாரோவிலா என்பதெல்லாம் கல்லோடு போயிற்று. அது என்னை இன்னும் உறுத்துகிறது.

இந்தியாவுக்கு, குறிப்பாகச் சென்னைக்கோ தஞ்சைப் பக்கமோ, இவற்றைப் பரிசாகக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் சேர்த்துக் கொடுங்கள், இல்லையென்றால் கொடுக்காதீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு இன்னொரு கல்லைக் கண்ணாடி ஜாடியில், அடியில் ஆரஞ்சு நிற சிலிக்கா மணிகளோடு வைத்துக் கொடுத்தேன். மணிகள் பச்சையானால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். அதற்கென்றே ஒரு பழைய வாணலியை ஒதுக்கி, சிறுதீயில் வறுத்து, ஆறியதும் திரும்பப் போட்டுவிடுகிறாள். "மாசப் பொறப்பு அன்னிக்கு வறுத்துப் போட்டுடறேன், மறக்கறதே இல்ல" என்றாள்.

நான்கு மழைக்காலம் கடந்துவிட்டது. அந்தக் கல்லின் நிறம் மாறவில்லை.