பாக்கெட் தீனியில் சத்து எவ்வளவு? விற்கும் முன் வீட்டுக்கும் ஒதுக்குங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரங்களில் நெல், மக்காச்சோளம், கரும்பு, பருத்தி, தென்னை ஆகிய பயிர்களோடு கறவை மாடு வளர்ப்பும் சிறு விவசாயிகளுக்குக் கைகொடுத்து வருகிறது. மலையடிவாரத் தோப்புகளில் மா விளைகிறது. மானாவாரி நிலங்களில் சிறுதானியமும் பயறு வகைகளும் பயிரிடப்படுகின்றன. ஒரு குடும்பத்துக்குத் தேவையான சத்துகளில் பெரும்பகுதி இந்த மண்ணிலேயே கிடைக்கிறது. ஆனால் காலையில் கறந்த பால் முழுவதும் விற்பனைக்குப் போக, மாலையில் அந்தப் பணத்தில் பிஸ்கட், சிப்ஸ், சத்துப் பானப் பொடி ஆகியவை வீட்டுக்கு வருகின்றன.

இதற்குக் காரணம் பெற்றோரின் அலட்சியம் அல்ல. பிள்ளை நன்றாகத் தேற வேண்டும் என்ற அக்கறையில்தான் பலரும் வாங்குகிறார்கள். எது சத்து என்பதில் ஏற்பட்டுள்ள தவறான எண்ணமே இதற்குக் காரணம்.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு இக்குறை காணப்பட்டது. அதே ஆய்வில் பெண்களில் 100க்கு 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுடன் இருந்தனர். ஒரே மாநிலத்தில், சில சமயம் ஒரே உடம்பில், எடையும் கூடுகிறது, சத்தும் குறைகிறது. வயிறு நிறைவது வேறு, சத்துச் சேர்வது வேறு என்பதை இது காட்டுகிறது.

குன்னூரில் கிடைத்த பாடம்

பார்வைக்கு நன்றாக இருப்பதெல்லாம் சத்து ஆகாது என்பது புதிய பாடம் அல்ல. கைக்குத்தல் அரிசி போய் ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி வந்தபோது, அதை உண்பதே கௌரவம் என்று பலரும் கருதினர். தவிட்டோடு 'பி-1' உயிர்ச்சத்தும் நீங்கியதால், அந்த அரிசியையே பெரிதும் நம்பி வாழ்ந்தவர்களுக்கு பெரிபெரி என்னும் நோய் கண்டது. இந்நோயை ஆராய்வதற்காக 1918இல் நீலகிரி மாவட்டம் குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவரின் தலைமையில் ஒரு சிறு ஆய்வுப் பிரிவு தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். அன்று வெள்ளை அரிசியில் நேர்ந்த பிழை இன்று பளபளக்கும் பாக்கெட்டில் நேர்கிறது.

தவறான எண்ணங்கள் சில

"பிஸ்கட் லேசான உணவு, நோயாளிக்கும் நல்லது" என்பது ஒன்று. பெரும்பாலான பிஸ்கட்டுகள் மைதா, சர்க்கரை, பாமாயில் ஆகிய மூன்றும் சேர்ந்தவையே. 30 கிராம் இனிப்பு பிஸ்கட்டில் புரதம் சுமார் 2 கிராம்தான் உண்டு. அதே எடையுள்ள நிலக்கடலைப் பருப்பில் சுமார் 7 கிராம் புரதம் இருக்கிறது. இது ஒரு முட்டையில் உள்ள அளவுக்குக் குறைந்தது அல்ல.

"சத்துப் பானப் பொடி கலந்தால்தான் பாலுக்குப் பலம்" என்பது இரண்டாவது. பலம் பாலில்தான் இருக்கிறது. பொடியில் சில உயிர்ச்சத்துகளும் தாதுக்களும் சேர்க்கப்பட்டிருப்பது உண்மை. ஆனால் சில பொடிகளில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆரோக்கிய பானம்' என்று ஒரு வகையே இல்லை. ஆகவே இத்தகைய பானங்களை அந்தத் தலைப்பில் விற்பதை நிறுத்துமாறு 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

"மாம்பழ பானம் குடித்தால் மாம்பழம் தின்றதற்குச் சமம்" என்பது மூன்றாவது. பழ பானம் என்று விற்பதற்கு 10 சதவீதம் பழச்சாறு இருந்தாலே விதிப்படி போதும். மீதியில் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையும்தான். ராஜபாளையம் சப்பட்டை மாம்பழம் ஒன்றைத் தின்றால் நார்ச்சத்தும் 'ஏ' உயிர்ச்சத்தாக மாறும் மஞ்சள் நிறப் பொருளும் சேர்ந்து கிடைக்கும். தோப்பு வைத்திருப்பவர் பழத்தை விற்றுவிட்டுப் பிள்ளைக்குப் புட்டி பானம் வாங்கிக் கொடுப்பது நெல்லை விற்று உமி வாங்குவது போலாகும்.

"கொலஸ்ட்ரால் அறவே இல்லை" என்ற வாசகத்தைக் கண்டு எண்ணெய்ப் பண்டங்களை வாங்குவது நான்காவது. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. அது பிராணிகளிலிருந்து கிடைக்கும் பொருள்களிலேயே உண்டு. இயல்பாகவே இல்லாத ஒன்றை 'இல்லை' என்று அச்சிடுவதால் அந்தப் பண்டம் நல்லதாகிவிடாது. அதில் உள்ள கொழுப்பும் உப்பும் குறைவதும் இல்லை.

"வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் எவ்வளவும் சாப்பிடலாம்" என்பது ஐந்தாவது. வெல்லத்தில் சிறிதளவு தாதுக்கள் உண்டு என்றாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரையே. அதற்கும் அளவு வேண்டும்.

வயிற்றுப்போக்கின்போது எச்சரிக்கை

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு, அட்டைப் பெட்டியில் வரும் இனிப்பு பானத்தை 'ஓ.ஆர்.எஸ்.' என்று நம்பிக் கொடுத்தவர்கள் உண்டு. சர்க்கரை மிகுந்த பானம் வயிற்றுப்போக்கை அதிகமாக்கக்கூடும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவில் தயாரிக்கப்படாத பானங்களில் இந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடியை, பாக்கெட்டில் குறித்துள்ள அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதே சரி. அது கைக்கு வரும்வரை, கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். அளவு கூடவோ குறையவோ கூடாது. குழந்தை சோர்ந்து போனாலோ குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்க்கவும்

விதை வாங்கும்போது பையில் உள்ள அட்டையில் முளைப்புத் திறனையும் காலாவதித் தேதியையும் பார்க்கிறோம். உர மூட்டையில் தழை, மணி, சாம்பல் சத்து எத்தனை சதவீதம் என்று பார்க்கிறோம். பிள்ளைகள் தின்பதற்கும் அதே கவனம் வேண்டும். முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். பின்பக்கத்தில் இருப்பதுதான் கணக்கு. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையையே படிக்கச் சொல்லலாம். பிள்ளைக்கும் அது நல்ல பாடமாகும்.

1. சேர்பொருள்களின் பெயர்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக அச்சிடப்படுகின்றன. முதல் மூன்று பெயர்களில் சர்க்கரையோ பாமாயிலோ இருந்தால் அதுவே அந்தப் பண்டத்தின் சாரம். 'ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்' என்றிருந்தால் அது மைதா. முழுக் கோதுமை என்று எண்ணிவிடக் கூடாது. 'லிக்விட் குளுக்கோஸ்', 'இன்வர்ட் சிரப்' என்பவையும் சர்க்கரையின் மாற்றுப் பெயர்களே.

2. 100 கிராமில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கவும். பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 25 கிராம், அதாவது 5 தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை சேர்க்காதிருப்பது நல்லது. சிறுவர்களுக்கு இதைவிடவும் குறைவு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சர்க்கரை சேர்த்த பண்டமே வேண்டாம். 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை உள்ள குளிர்பானத்தை 250 மில்லி குடித்தால் ஒரு நாள் கணக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

3. உப்பு 'சோடியம்' என்ற பெயரில் மில்லிகிராமில் குறிக்கப்பட்டிருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. நாள் முழுவதற்கும் எல்லா உணவிலும் சேர்த்து 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம்.

4. விலையைக் கிலோவுக்குக் கணக்கிடவும். 10 ரூபாய் பாக்கெட்டில் 25 கிராம் என்றால் கிலோ 400 ரூபாய் ஆகிறது. மக்காச்சோளத்தைக் கிலோ என்ன விலைக்குப் போட்டோம் என்பது விவசாயிக்குத் தெரியும். அதே மக்காச்சோள மாவைப் பொரித்து உப்பும் காரமும் தூவியதற்கு என்ன விலை தருகிறோம் என்பதையும் அறிந்துகொள்வது நல்லது.

பால்கோவாவும் பாலும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த வட்டாரத்துக்கு இது பெருமை. பால் உற்பத்தியாளருக்கும் வருமானம். எனினும் பாலில் செய்தது என்பதாலேயே பாலுக்குப் பதிலாகாது. பொதுவாக 10 லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் சுமார் மூன்றரைக் கிலோ பால்கோவா கிடைக்கும். அப்படியானால் 100 கிராம் பால்கோவாவில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. கால் லிட்டருக்கு மேற்பட்ட பாலின் சத்தும் அதில் சேர்ந்திருப்பதால், பாமாயிலில் செய்த மிட்டாயைவிட அது மேலானது. திருவிழாவுக்கும் விருந்தினர் வரும்போதும் சிறிதளவு உண்ணலாம். சாத்தூர் சேவு, மிக்சர் போன்ற கார வகைகளுக்கும் இதே அளவுதான். அன்றாடச் சத்துக்குப் பாலைப் பாலாகவே கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு ஒதுக்கும் முறை

அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்து வைத்த பிறகே மீதியை விற்பது நம் முன்னோர் வழக்கம். வீட்டுக்கான பங்கையும் அதேபோல் முதலில் எடுத்து வைக்கலாம். நிலக்கடலை சாகுபடி செய்வோர், இரு பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 30 கிராம் பருப்பு வீதம் ஆண்டு முழுவதும் கொடுக்க, சுமார் 35 கிலோ காய் ஒதுக்கினால் போதும். குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும்வரை காய்களை வெயிலில் காயவைத்து, ஈரம் ஏறாத இடத்தில் வைக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த, நிறம் மாறிய, சுருங்கிய பருப்புகளில் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு இருக்கக்கூடும். அவற்றை நீக்கிவிட வேண்டும்; மாட்டுக்கும் போடக் கூடாது. சிறு குழந்தைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பதால் பொடித்தே கொடுக்க வேண்டும்.

கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை, நிலக்கடலை ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்து அரைத்தால் வீட்டுச் சத்துமாவு தயார். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. கறவை மாடு உள்ளவர்கள் ஆளுக்கு ஒரு குவளைப் பாலைப் பிரித்து வைத்துவிட்டு மீதியைச் சங்கத்துக்கு ஊற்றலாம். புறக்கடையில் நாலு கோழியும் ஒரு முருங்கையும் ஒரு பப்பாளியும் இருந்தால் முட்டை, கீரை, பழம் மூன்றுக்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. தாய்மார்களும் இவற்றில் தங்கள் பங்கைத் தவறாமல் உண்ண வேண்டும். இரத்தசோகை அவர்களிடமும் அதிகம் காணப்படுகிறது.

பிள்ளைகள் ஆசைப்பட்டால் எப்போதாவது ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அதை ஆசைக்கு வாங்க வேண்டுமே தவிர, சத்துக்கென்று வாங்கக் கூடாது. விவசாயப் பெருமக்கள் இந்தப் பட்டத்தின் அறுவடையிலிருந்தே வீட்டுப் பங்கை ஒதுக்கி வைத்து, பிள்ளைகளின் உடல்நலத்தோடு கைப்பணத்தையும் காத்துக்கொள்ளலாம்.