தண்டனை முடிந்து ஊர் திரும்புகிறவர்: கல்லாறு எதை நம்பலாம்?

கேரளத்தில் பொன்முடிக்கு ஏறும் சாலையில், விதுரா ஊராட்சியில் இருக்கிறது கல்லாறு. யார் வீட்டுக்கு யார் வந்தார் என்பது மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் அளவுள்ள ஊர். போக்சோ வழக்கில், அதாவது குழந்தைக்கு எதிரான பாலியல் குற்ற வழக்கில், தண்டனை முடித்த ஒருவர் இப்படிப்பட்ட ஊருக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர்க்காரர்கள் என்ன செய்யலாம்?

பெயர்ப் பட்டியல் வேண்டும் என்பார்கள் முதலில். இந்தியாவில் அது இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2018 செப்டம்பர் 20 முதல் பாலியல் குற்றவாளிகளின் தரவுத்தளத்தை வைத்திருக்கிறது. தொடங்கியபோதே அதில் 4.4 லட்சம் பதிவுகள். ஆனால் அதைப் போலீஸ் போன்ற சட்ட அமலாக்கத் துறையினர்தான் பார்க்க முடியும். அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். குற்றவாளியைப் பற்றி அக்கம்பக்கத்தாருக்குத் தெரிவிக்கும் மேகன் சட்டத்தை நியூஜெர்சி 1994-இல் கொண்டுவந்தது. அதே மாநிலத்தில் 2008-இல் வந்த ஆய்வு, அந்தச் சட்டத்தால் மறுகுற்றம் குறைந்ததாகத் தெரியவில்லை என்றது.

கல்லாறு மாதிரி ஊரில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பதிவாகும் பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்தான்: சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், டியூஷன் மாஸ்டர். அவர் பெயரைச் சுவரில் ஒட்டினால், எந்தக் குழந்தை என்பது தானே தெரிந்துவிடும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். விதுராவுக்கு இது புதிதல்ல. 1990-களின் பாலியல் குற்ற வழக்கு ஒன்று இன்றும் அந்த ஊர்ப் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. ஆகவே வாட்ஸப் குழுவில் படம் போடுவதை நான் முதலிலேயே தள்ளிவிடுவேன்.

அடுத்தது போலீஸ். தண்டனையை முழுமையாக முடித்தவரைக் கண்காணிக்க இந்தியாவில் பொதுவான சட்டம் இல்லை. மூன்றாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனைக்குரிய கடும் குற்றத்தில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டவர் தம் முகவரியையும் இடமாற்றத்தையும் ஐந்தாண்டு வரை தெரிவிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பிஎன்எஸ்எஸ்) 394-ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. தண்டனை விதிக்கும்போதோ மேல்முறையீட்டிலோ கேட்க வேண்டும், விடுதலைக்குப் பிறகு கேட்டுப் பயனில்லை. 2008-இல் கேரளம் தொடங்கிய ஜனமைத்ரி திட்டத்தில் வீடுவீடாக வரும் பீட் போலீஸ்காரரிடம் தகவலையும் கவலையையும் சொல்லி வைக்கலாம். அவர் சந்தேகத்தைக் கேட்டுக்கொள்வார், ஒருவரைக் கட்டிப்போட அவருக்கு அதிகாரமில்லை.

தண்டனைக் காலம் முடியும் முன்பே வருகிறவர் விஷயம் வேறு. பரோலோ முன்கூட்டிய விடுதலையோ கேட்டால், போலீஸும் மாவட்ட நன்னடத்தை அலுவலரும் ஊரில் விசாரித்து அறிக்கை தருவார்கள். யாரோடு தங்குவார், பாதிக்கப்பட்ட குடும்பம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, என்ன வேலை பார்ப்பார் என்பதையெல்லாம் அப்போது சொல்லலாம். பலரும் கோட்டை விடுவது இந்தக் கட்டத்தைத்தான். குழந்தையின் குடும்பத்துக்குத் தனி உரிமையும் இருக்கிறது: குற்றவாளி ஜாமீனில் இருக்கிறாரா, விடுதலையானாரா என்பதை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகள் சொல்கின்றன.

கனடாவின் ஹாமில்டனில் 1994-இல் ஒரு தேவாலயத்தார் தொடங்கிய முறையையும் சொல்ல வேண்டும். பயிற்சி பெற்ற நான்கைந்து தன்னார்வலர்கள் விடுதலையானவரை அடிக்கடி சந்தித்து, வேலைக்கு உதவி, தவறான பாதையில் போனால் எச்சரிப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாமல் நம் ஊரில் ஆரம்பித்தால் அது ஒரு வாரத்துக்குள் கலாச்சாரப் போலீஸாக மாறிவிடும். கேரளத்துக்கு அந்தத் தொல்லை ஏற்கெனவே போதும்.

என் தேர்வு இதுதான்: விடுதலைக்கு முன் நன்னடத்தை அலுவலர், விடுதலைக்குப் பின் பீட் போலீஸ், எப்போதும் ஊராட்சியின் குழந்தைப் பாதுகாப்புக் குழு. ஆபத்தென்றால் குழந்தைகள் உதவி எண் 1098. போக்சோ 19-ஆம் பிரிவின்படி குற்றம் தெரிந்தவர், நடக்கப்போவதாக அஞ்சுகிறவர் எல்லோரும் புகார் தந்தாக வேண்டும். அடுத்த கிராமசபையில் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள்: நம் குழு கடைசியாக எப்போது கூடியது?